கறுப்பு மண்

புதன், இரவு ஒன்பது மணி

என் பொம்மை ரயிலுக்குச் சாத்தூர் ஸ்டேஷனைப் பலகையில் செய்துவருகிறேன். மரத்தூளுக்குப் பச்சைச் சாயம் ஏற்றிப் புல் தயாராகிவிட்டது. தண்டவாள ஓரத்துக்குக் கறுப்பு மண் வேண்டும். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு மாரியம்மாளிடம் கரித்தூள் கேட்டிருந்தேன். காலையில் ஒரு பொட்டலம் தந்தாள். மதியம் அதைத் தூவி, பசைத்தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன்.

சாயங்காலம் வந்தவள் பலகையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஸார், நனைச்சிட்டீகளா?"

"பசை ஊத்தாம எப்படிம்மா ஒட்டும்?"

"மினுங்குது பாருங்க, அலுமினியப் பொடி. தரையில சிந்துனதக் கூட்டி அள்ளுனேன், வெடி மருந்தும் சேந்துபோச்சு. ஈர மருந்து தன்னால சூடேறித் தீப்பிடிக்கும் ஸார்!"

சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டு, அது கொதிப்பதைக் காட்டி எத்தனை வருடம் பாடம் நடத்தினேன். எனக்கு உறைக்கவில்லையே.

இருவரும் பலகையைத் தூக்கிப் பின்னாலுள்ள காலி மனையில் வைத்தோம். கறுப்புப் பக்கத்தை அவளே பிடித்துக்கொண்டாள்.

"விடியிற வரைக்கும் அங்கன போகாதீக. ஃபோர்மேனுக்கு மட்டும் தெரிஞ்சிரக் கூடாது ஸார்."

தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னால் மருந்து எங்கிருந்து வந்தது என்று விசாரிப்பார்கள், அவள் வேலை போய்விடும். சொல்லாவிட்டால், விடியற்காலையில் பால் வாங்க அந்த மனை வழியாகத்தான் எல்லாரும் நடப்பார்கள்.

மேற்கே மின்னுகிறது. மழை வந்தால் அது மறுபடியும் நனையும். அருகில் போய் மூடவும் பயமாக இருக்கிறது.

மாரியம்மாள் வீட்டில் இன்னும் விளக்கு எரிகிறது. ஃபோனைக் கையில் எடுத்துவிட்டேன். முதலில் அவளிடம் போய்ச் சொல்லிவிட்டு, அப்புறம் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுகிறேன்.