நாடா கொழுக்கட்டையான வெள்ளிக்கிழமை

அக்கா,

இன்று காலை மருமகள் ஒரு பாக்கெட்டைப் பிரித்துக் கொதிக்கிற தண்ணீரில் கொட்டினாள். எட்டிப் பார்த்தால் நம்முடைய நாடா! "இதுக்குப் பேரு பாஸ்தா, அத்தே" என்று எனக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். "அடி போடி, இத கொடியில காயப்போட்டு காக்கா ஓட்டிக்கினு உக்காந்தவ நான்" என்றேன். நம்பவில்லை. மாவு வேகிற வாசனை அடுப்படியை விட்டுக் கூடத்துக்கு வந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உன்னிடம் பேச வேண்டும் போல் இருந்தது. எனக்கு எழுத்து வராது, அது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். என் பேச்சை அங்கங்கே சீவி வாரிப் பொட்டு வைத்துத்தான் எழுதுவாள். பரவாயில்லை, நீ என்னைக் கண்டுபிடித்துவிடுவாய்.

சாந்தோமில் கோயிலுக்குப் பின்னால் இருந்த அந்த வரிசை வீடுகளில் உனக்கும் எனக்கும் நடுவே ஒரு சுவர்தான். நான் மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணம் ஆகி வந்த புதுசு. என் வீட்டுக்காரர் விடிந்ததும் ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார். நீ புருஷனை இழந்தவள், பிள்ளை குட்டி கிடையாது. அடையாற்றில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் சமையல் வேலை. அந்த வீட்டு அம்மாவிடம் பார்த்து வந்ததுதான் நாடா. மைதாவில் முட்டையை உடைத்து ஊற்றிப் பிசைவாய். சோடா பாட்டிலால் தேய்த்து, கத்தியால் கீறி, துணி காயப்போடுகிற கொடியில் தொங்கவிடுவாய். குழாயடியில் நிற்கிற பிள்ளைகள், "டோய், பாவாடை நாடா காயுது டோய்!" என்று கத்தும். அந்தப் பேரே நிலைத்துவிட்டது. பூண்டும் தக்காளியும் இறாலும் சுண்டச் சுண்ட வதக்கி அதன் தலையில் கொட்டிக் கொடுப்பாய். முதல் நாள் நான் அதைக் கையால் பிசையப் போய், நீ சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனாய்.

அதைவிட ஊர் பேசியது உன் தூண்டிலைப் பற்றித்தான். உன் வீட்டுக்காரர் விட்டுப்போன தங்கூஸ் என்கிற நைலான் நரம்பு, ஒரு கட்டையில் சுற்றியிருக்கும். வேலை இல்லாத நாளில் அதை எடுத்துக்கொண்டு பட்டினப்பாக்கம் தாண்டி, ஆறு கடலில் சேருகிற இடத்துக்கு நடந்துவிடுவாய். கூடையோடு நான் பின்னால். பாவம், புருஷன் நெனப்புல போய் உக்காந்துக்குது என்று எல்லாரும் உச்சுக் கொட்டுவார்கள். நானும் அப்படித்தான் நினைத்து, ஒருநாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டேன். "யாருடி இவ! அவரு இருந்தப்போ என்னை கிட்டவே சேக்க மாட்டாரு. பேசினா மீனு ஓடிடுமாம். இப்பத்தான் நிம்மதியா புடிக்கிறேன். ஜாலியா கீதுடி" என்றாய்.

எங்கள் ஊரில் மீன் பிடிப்பது வேறு மாதிரி. ஏரி வற்றினதும் ஊரே சேற்றில் இறங்கும். என் சித்தப்பா ஒருமுறை விரால் என்று நினைத்துத் தண்ணீர்ப் பாம்பைப் பிடித்து மடியில் கட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வந்துவிட்டார். சித்தி மடியை அவிழ்த்தாள் பார். சரி, அது வேறு கதை. உன் அண்ணன் வந்த கதைக்கு வருகிறேன்.

அது உங்கள் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம், ஒரு வெள்ளிக்கிழமை. வெயிலுக்குப் பயந்து வெள்ளைக்காரர் வீட்டில் மலைக்குப் போய்விட்டதால் உனக்கு வேலை இல்லை. காலையில் திண்டிவனம் பக்கத்திலிருந்து உன் அண்ணன் வந்து நின்றார். பெரிய மீசை, தோளில் துண்டு. உன்னை இன்னும் "பாப்பா" என்றுதான் கூப்பிட்டார்.

"பாப்பா, பொட்டியக் கட்டு. சாயங்கால பஸ்ஸுக்கு என்னோட வந்துடு."

"இன்னாண்ணா, வந்ததும் வராததுமா. மொதல்ல மோரு குடி."

"மோரு குடிக்கவா வந்தேன்? ஊர்ல தல காட்ட முடியல. உன் தங்கச்சி மெட்ராஸ்ல ஆம்பளையாட்டம் தூண்டி போட்டுக்கினு கீறாளாமேன்னு கேக்கறானுங்க."

"எவன் கேட்டான்? அவன வரச் சொல்லு. ஒரு கூட கெழங்கான் மீனு குடுத்தனுப்பறேன்."

வாசலில் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ போய்விட்டால் அந்தப் பட்டணத்தில் எனக்கு யார்? ஆனால் உன் முகத்தைப் பார்த்தால் நீயும் கலங்கித்தான் இருந்தாய். அண்ணனை எதிர்த்துப் பேசின வாய் இல்லை உன்னுடையது. சிரிப்பாகப் பேசித் தள்ளிப்போடத்தான் தெரியும். "மதியம் மீனு புடிச்சி ஆக்கறேன், துன்னுட்டு முடிவு பண்ணலாம்" என்றாய்.

"இன்னிக்கு சுத்தபோசனம், எனக்குக் கஞ்சி போதும்" என்றார் அவர். அந்த நாளில் உங்கள் ஆட்கள் கறி தொடக்கூடாது, மீனுக்குத் தடை இல்லை. அதை நீ சொன்னதும் அடுத்த கொக்கியைப் போட்டார்.

"அந்த வெள்ளக்காரப் பலகாரத்துல முட்டை போடுவியாமே? எங்க ஊரு சாமியாரு முட்டையும் கூடாதுன்றாரு."

"போடாம செய்யறேன்ணா."

அங்கேதான் தப்பு நடந்தது. வெறும் தண்ணீரில் மாவைப் பிசைந்து, நாடா கீறிக் கொடியில் போட்டுவிட்டு ஆற்றுக்குக் கிளம்பினாய். திட்டிக்கொண்டே அவரும் பின்னால் வந்தார்.

மணலில் உட்கார்ந்தும் திட்டு ஓயவில்லை. நீ இரண்டாவது முள்ளில் இறாலைக் கோர்க்க வேண்டும் என்று முதல் நரம்பை அவரிடம் நீட்டினாய். செத்த எலியின் வாலைப் பிடிக்கிற மாதிரி இரண்டு விரலால் வாங்கினார். வாங்கின கை அப்படியே ஒரு வெட்டு வெட்டியது.

"சேசு மரி சூசையே!"

"உடாதண்ணா! இழுக்காத! உட்டுப் புடி!"

"உடச் சொல்றியா, புடிக்கச் சொல்றியாடி!"

முழங்கால் வரை தண்ணீரில் இறங்கிவிட்டார். வேட்டி மிதக்கிறது, துண்டு எங்கேயோ போய்விட்டது. வந்தது சாண் நீளக் கிழங்கான். அதற்குத்தான் அவ்வளவு கூச்சல். வலை காயவைத்துக்கொண்டிருந்த ஒருவர், "பெரியவரே, திமிங்கிலமா?" என்று கேட்டார். உன் அண்ணன் காதில் விழவில்லை. ஈர வேட்டியோடு மறுபடி உட்கார்ந்தவர், நாம் இரண்டு பேரும் சிரிப்பதைப் பார்த்து, "பேசாதீங்கடி, மீனு ஓடிடும்" என்றார். நீ என்னைப் பார்த்தாய். சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாய். பஸ் போன நேரம் அவருக்கு நினைவே இல்லை.

வீட்டுக்கு வந்தால் கொடியில் நாடா இல்லை. கடற்காற்றின் ஈரத்தில் ஒன்றோடு ஒன்று ஒட்டி, களி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சாப்பாட்டை வைத்துத்தான் அண்ணனிடம் பேசலாம் என்றிருந்தாய், எனக்குத் தெரியும். "முட்டை வேணாம்னது நான்தான்" என்று அவர் வாய்க்குள் முனகினார். நீ அந்தக் களியை வழித்தெடுத்து, மாவு தூவித் திரும்பப் பிசைந்தாய். நீ மீனை அவித்துக் கொடுக்க, தன் கிழங்கானில் அவரே முள் பார்த்து எடுத்தார். அதை யாரையும் தொடவிடவில்லை. சின்ன வெங்காயம், மிளகு, தேங்காய்ப்பூ சேர்த்துப் பிரட்டி, வட்டமாய்த் தட்டின மாவில் வைத்து மூடி, ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளி இட்லிப் பானையில் அடுக்கினாய். நாடா கொழுக்கட்டையாயிற்று.

ஆவியோடு ஒன்றைப் பிட்டு வாயில் போட்டவர் அடுத்ததற்கும் கை நீட்டினார்.

"பாப்பா, தவக்காலத்துல இவ்ளோ ருசியா துன்னா அது தவமா?"

"சாமியாரு கறிதான் வேணாம்னாரு. ருசி வேணாம்னு சொல்லலயே."

சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்த முகம் எப்போது மாறியது என்று தெரியவில்லை. கை தட்டிலேயே நின்றுவிட்டது. "அம்மா சாவறப்போ உன் கைய என் கையில குடுத்துது. எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது பாப்பா. உனக்கொரு காச்சல் வந்தா, ஒரு வாய் தண்ணி குடுக்க இங்க யாரு கீறாங்க?"

இதுதான் விஷயம். ஊர் சிரித்ததெல்லாம் சும்மா. காலையிலிருந்து நான் மனதுக்குள் வைதுகொண்டிருந்த மனுஷன் பயந்துபோய் வந்திருக்கிறார். அவரைப் பார்க்க எனக்கு என் அப்பா ஞாபகம் வந்தது.

உன் கையெல்லாம் மாவு. உதட்டைக் குவித்து என் பக்கம் காட்டினாய்.

"இவ."

அவர் அப்போதுதான் என்னை முதல்முதலாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். "செய்வியாம்மா?" என்றார். என் வாய் நிறையக் கொழுக்கட்டை. தலையை மட்டும் ஆட்டினேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு தட்டை உன் பக்கம் நகர்த்தி, "இன்னும் ரெண்டு வை" என்றார்.

பெட்டியைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை. மறுநாள் கிளம்பும்போது, "பெரிய வாரம் முடிஞ்சி ஈஸ்டர் ஆனதும் வரேன். அந்தத் தூண்டிய யாருக்கும் குடுத்துடாத" என்று மட்டும் சொன்னார். பிறகு எத்தனை முறை வந்தார்! தங்கச்சியைப் பார்க்க என்றுதான் ஊரில் சொல்லிவிட்டு வருவார்.

காய்ச்சல் வந்தது அக்கா, ரொம்ப வருஷம் கழித்து. அதுவும் சாதாரணக் காய்ச்சல் இல்லை, உன்னைக் கொண்டுபோக வந்த காய்ச்சல். தொண்டை அடைத்து, தண்ணீர் தவிர எதுவும் இறங்காத நாட்கள். தேக்கரண்டியால் நான் கொடுக்கக் கொடுக்க, "மீனு கொழம்பா நெனச்சிக் குடிக்கிறேன்டி" என்று அப்போதும் கேலி. அண்ணன் கட்டில் காலடியில் உட்கார்ந்திருந்தார். ஒருமுறைகூடக் கரண்டியை என் கையிலிருந்து வாங்கவில்லை. வாங்கினால் எனக்குக் கோபம் வந்திருக்கும், அது அவருக்குத் தெரிந்திருந்தது.

பெண்ணாய்ப் பிறந்த நாளிலிருந்து என்னை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு அனுப்பினவர்கள்தான் உண்டு. கல்யாணத்தில்கூட என் கையைப் பிடித்துக் கொடுத்தார்களே தவிர, எனக்கு இவள் இருக்கிறாள் என்று யாரும் சொன்னதில்லை. நீதான் சொன்னாய், அதுவும் கையை நீட்டாமல். அன்றைக்கு நீ உதட்டால் காட்டின இடத்தில்தான் அக்கா, நான் இன்னும் உட்கார்ந்திருக்கிறேன்.