ஆறின கறியைச் சுடவைத்த குற்றம்

என் தங்கமே, அம்மா,

அப்பா நேற்று காலை போய்விட்டார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது. சித்தப்பா ஒரு காகிதத்தோடு முன்னறையில் உட்கார்ந்திருக்கிறார். உன் கல்லறை என் பேரில் இருப்பதால், அதைத் திறந்து அப்பாவையும் அதிலேயே வைக்க நான் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"இன்னா இருந்தாலும் புருஷன் பொண்டாட்டிம்மா. ஒரே குழில வெக்கிறதுதான் நம்ம வழக்கம். செத்தவங்க மேல இன்னா கோவம்?" என்கிறார். அவருக்கென்ன, அந்தப் பலகை அவர் கைமேலா விழுந்தது?

எண்பத்தாறில், ராஜகீழ்ப்பாக்கம் வீட்டில் என்னைப் பெண் பார்க்க வந்த அன்று நடந்தது. அப்பா ஏர்போர்ஸ் ஆபீசர்கள் சாப்பிடும் மெஸ்ஸில் பட்லர். யார் வந்தாலும் மெஸ் பவிசு காட்டியாக வேண்டும். கேசரி, பஜ்ஜி எல்லாம் கேவலமாம். உப்பில் ஊறவைத்து அவித்த மாட்டுக்கறியை ஆறவிட்டு, மெல்லிசாக அரிந்து, நடுவில் டின் சீஸ், ஓரத்தில் வினிகரில் போட்ட வெங்காயம், பிஸ்கட் என்று மரப்பலகையில் அடுக்க வேண்டும். முதல் துண்டு தடிமனாக வந்ததற்கே உன் பிடரியில் ஒன்று வைத்தார். நீ கத்தியைக் கீழே வைக்காமல் அடுத்த துண்டை அரிந்தாய். அப்போது உன் மனதில் என்ன ஓடியது அம்மா?

அவர் விருந்தாளிகளைக் கூட்டிவர பஸ் ஸ்டாப்புக்குப் போனதும் நீ பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாய். "சம்பந்தி வர்ற அன்னிக்கு ஆறின கறிய வெச்சா, நேத்து மிஞ்சினதுன்னு நெனைக்க மாட்டாங்களாடி?" என்றாய். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. இரண்டு பேரும் சேர்ந்து கறியைத் தோசைக்கல்லில் போட்டு, மிளகு தூவி, சுடச்சுடப் பலகையில் திருப்பி அடுக்கினோம்.

முன்னறையில் வந்தவர்கள் முன்னால் நீ பலகையை நீட்டுவதற்குள் சீஸ் உருகி வழிந்து, மாப்பிள்ளையின் வெள்ளைப் பேன்ட்டில் சொட்டியது. அப்பா பலகையைப் பிடுங்கி, கறியும் சீஸும் சிதற, அதன் விளிம்பால் உன் வலது கை விரல்களில் அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. இரண்டாவது அடி நெற்றியில். புடவையெல்லாம் ரத்தம். நான் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பல் பதியக் கடித்தேன். அவர் உதைத்ததில் சுவரில் போய் விழுந்தேன்.

வந்தவர்களில் ஒருத்தர்கூட எழுந்திருக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா, "வுடுங்க, ஆம்பளன்னா கோவம் வரத்தான் செய்யும். எங்க வூட்லயும் இப்டித்தான். பொண்ண எங்களுக்குப் புடிச்சிருக்கு" என்றாள். அவள் மகன் மடியில் விழுந்த கறித்துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு சிரித்தான்.

அப்போதுதான் நீ எழுந்தாய். இருபது வருஷமாக அவர் முன்னால் வாய் திறக்காதவள், இடது கையில் கத்தியை எடுத்தாய். "பொண்ணு கெடையாது. எந்திரிங்க. இல்லன்னா இங்க ஒருத்தர் சாவப்போறீங்க" என்றாய். குரல் நடுங்கவே இல்லை. செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்கள். அவர்கள் போன பிறகு நீ வாங்கிய அடியை எழுத என்னால் முடியவில்லை.

அந்த விரல்கள் கடைசிவரை மடங்கவில்லை. சோற்றை இடது கையால்தான் பிசைந்தாய். பிறகு நான் கட்டிக்கொண்டவர் இத்தனை வருஷத்தில் என்மேல் கை ஓங்கியதில்லை. அது நீ வாங்கிக் கொடுத்த வாழ்க்கை. உன்னை அங்கிருந்து கூட்டிக்கொண்டு வர எனக்குத்தான் தைரியம் வரவில்லை. வா என்று ஒருமுறை கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாயா?

"டைம் ஆவுது, போடும்மா" என்று சித்தப்பா மறுபடி வந்தார். காகிதத்தை வாங்கி அவர் முகத்துக்கு நேரே கிழித்துப் போட்டேன். "அவருக்கு வேற எடம் பாருங்க" என்றேன். திட்டிக்கொண்டே போகிறார், போகட்டும்.

ஃபாதரே வந்து சொன்னாலும் சரி, நான் இருக்கும்வரை உன் கல்லறையை எவனும் திறக்க மாட்டான். அந்த இடம் முழுக்க உனக்குத்தான். கையைக் காலை நன்றாக நீட்டிப் படு அம்மா.

உன் வயிற்றில் பிறந்தவள்,
ஸ்டெல்லா