கீழே கிடந்த பச்சைச் சட்டை

திருகோணமலை,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் றெக்சனுக்கு,

இங்கே நானும் அம்மாவும் தங்கச்சி தினுஷாவும் ஆண்டவர் கிருபையால் நல்ல சுகம், சுகத்தைவிடப் பெரிய சந்தோசத்தில் இருக்கிறோம். அங்கே உன் உடம்பு எப்படி, முக்கியமாக விழுந்து விழுந்து நீ நோகப்பண்ணிக்கொள்கிற அந்த இடுப்பு எப்படி என்று முதலில் எழுது. எங்கள் வீட்டு ஒழுங்கையில் குடியிருக்கிற தவராசா அண்ணன் வேலைக்கு மாலைதீவு வருகிறார், அவர் கையில் கருவாடும் அம்மா இடித்த தூளும் இந்தக் கடிதமும் தந்துவிடுகிறேன். போனில் கதைக்காமல் ஏன் எழுதுகிறார் என்று நீ யோசிப்பாய். ஞாயிறு நீ எடுத்தபோது அம்மா போனை என் கையில் தந்தால்தானே. அதோடு அவள் உன்னிடம் அப்பா வேலைக்குப் போனவர், மட்ச் பார்க்கவில்லை என்று ஒரு வசனத்தில் சொல்லி முடித்துவிட்டாள். அது சரி, நான் பார்க்கவில்லை. ஆனால் நடந்ததைக் கேட்டால் பார்த்தவனைவிட நான் கூடப் பார்த்தேன் என்று நீயே சொல்வாய்.

சனிக்கிழமை எனக்கு லீவு என்றுதான் இருந்தேன். மற்ற இழுவைப் படகோட்டிக்குக் காய்ச்சல், கோதுமைக் கப்பல் ஒன்று மா ஆலை ஜெட்டிக்கு வருகிறது, லெஸ்லி நீதான் வரவேண்டும் என்று மத்தியானமே ஆள் அனுப்பிவிட்டார்கள். உனக்குத் தெரியும், கப்பலை ஜெட்டியில் அணைக்கும்போது என் ஒரு கை சுக்கானில், மற்றக் கை எஞ்சின் பிடியில், போனைத் தொடவே ஏலாது. போகும்போது மனதைத் தேற்றிக்கொண்டுதான் போனேன். இறுதி ஆட்டம் என்றாலும் நீ மேலதிக கோல்கீப்பர்தானே, இரண்டு வருசமாக ஒவ்வொரு மட்சுக்கும் உடுப்பு மாற்றி, கையுறை போட்டு, வேர்க்க ஓடி, பிறகு ஓரத்துக் கதிரையில் இருந்துவிட்டு வருகிறாய், இன்றைக்கும் அப்படித்தான் என்று நினைத்தேன். கப்பலின் விலாவில் என் படகின் மூக்கை முட்டவைத்துக்கொண்டு, மேலே கப்பலில் நின்று வழிகாட்டுகிற பைலட் ஐயா வோக்கி டோக்கியில் தள்ளு என்றால் தள்ளி, நில் என்றால் நின்றுகொண்டிருக்கிறேன், அப்போது அதே வோக்கி டோக்கியில் மெல்லிய குரலில் "லெஸ்லி அண்ணே, உங்கட மகன்ர ரீம் பெரிய கீப்பர் விழுந்திட்டான், தோளைப் பிடிச்சுக்கொண்டு கிடக்கிறான்" என்று கேட்டது. ஜெட்டியில் கயிறு கட்டுகிற திலக்சன். அவன் போனில் மட்ச் போட்டு வைத்திருக்கிறான். எனக்கு நெஞ்சு அடித்த அடி எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கேட்டது. கொஞ்சத்தில் "றெக்சன் எழும்பிட்டான் அண்ணே, உள்ளுக்குப் போறான்!" என்றான், அது மெல்லிய குரலே இல்லை.

பைலட் ஐயாவுக்கும் கேட்டுவிட்டது. யார் இதில் கதைக்கிறது என்று சிங்களத்தில் அதட்டினார். நான்தான் பயந்து பயந்து, என் மகன் மாலேயில் இறுதி ஆட்டத்தில் கோலுக்கு நிற்கிறான் ஐயா, இப்போதுதான் இறங்கினவன் என்றேன். அதற்கு மனிசன், நான் கதைக்கும்போது ஒருவரும் குறுக்கே வரக்கூடாது, நான் கதைக்காத நேரத்தில் எனக்கும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றார்! அவ்வளவுதான், திலக்சன் வானொலி அறிவிப்பாளர் ஆகிவிட்டான். நீ பிடித்த முதல் பந்து கையால் நழுவினதையும், அதன் மேலேயே நீ விழுந்து படுத்ததையும் அவன் சொன்னபோது நான் சுக்கானை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கை பிசகக் கூடாது மகன், அத்தனை ஆயிரம் தொன் கோதுமை முன்னால் நிற்கிறது. கோல் கணக்கு சமம், நேரம் முடிந்தது, பெனால்டி என்றான். ஒன்றை நீ விட்டாய், இன்னும் இரண்டையும் விட்டாய், பிறகு அவர்களுடைய ஒன்று கம்பத்தில் பட்டுப் போனது, உங்கள் பொடியன்கள் ஒன்றை வெளியே அடித்தாலும் மற்ற நாலையும் போட்டுவிட்டார்கள், இனி அவர்களுக்கு ஒரு அடிதான் மிச்சம், அதை றெக்சன் பிடித்தால் கிண்ணம் என்றான். சொல்லிக்கொண்டு இருக்கும்போதே கப்பலில் இருந்து கயிறு வந்துவிட்டது. கயிறு வந்தால் கயிறுதான், திலக்சன் போனை ஜெட்டியில் வைத்துவிட்டு ஓடிவிட்டான். பைலட் ஐயா மெதுவாகத் தள்ளு என்கிறார், நான் தள்ளுகிறேன், வோக்கி டோக்கியில் ஒரு சத்தமும் இல்லை. என் வாழ்நாளில் எத்தனையோ கப்பல் அணைத்திருக்கிறேன், அந்தக் கயிற்றை இரும்புக் குற்றியில் மாட்ட அவர்கள் எடுத்த நேரம் போல ஒரு நேரம் நான் கண்டதில்லை. மரியாயே மரியாயே என்று சொன்னதுதான் ஞாபகம்.

பிறகு திலக்சன் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தான். "அண்ணே, முடிஞ்சுது. ஒருத்தன் கீழ கிடக்கிறான், மற்ற எல்லாரும் அவன்ர மேல கிடக்கிறாங்கள். கீழ கிடக்கிறது ஆர் எண்டு தெரியேல்லையே" என்றான். வடிவாப் பாரடா என்று நான் கத்தினேன். பைலட் ஐயாவும் மேலே இருந்து, யார் யார் என்கிறார். "ஒரு கை மட்டும் வெளியால தெரியுது... பச்சைச் சட்டை! பச்சைச் சட்டை அண்ணே, கீப்பர்ர சட்டை, றெக்சன் பிடிச்சிட்டான்!" என்று அவன் கத்தினதில் ஜெட்டியில் நின்ற எல்லாரும் குதித்தார்கள். எனக்குக் குதிக்க ஏலாது, மற்றக் கயிறுகளும் கட்டி முடியும் வரைக்கும் தள்ளிக்கொண்டுதான் நிற்கவேண்டும். கண்ணீர் வழிய வழிய, துடைக்கக் கை இல்லாமல் தள்ளிக்கொண்டு நின்றேன். எல்லாம் கட்டி முடிந்ததும் பைலட் ஐயா, லெஸ்லி, வேலை சுத்தம், இது உன் மகனுக்கு என்றார். என்ன என்று நான் நினைக்கும் முன் அந்தப் பெரிய கப்பல் நீளமாக ஒரு ஊது ஊதியது. குடா முழுக்க எதிரொலித்தது மகன். கப்டனிடம் கேட்டு ஊதவைத்திருக்கிறார்.

வீட்டில் நடந்த கூத்தைத் தினுஷா சொல்லித்தான் தெரியும். அம்மா பார்க்க மாட்டேன் என்று குசினிக்குள் போய்க் கழுவின சட்டியையே கழுவிக்கொண்டு நின்றிருக்கிறாள். நீ பிடித்துவிட்டாய் என்றதும் சட்டியோடு ஒழுங்கைக்கு ஓடி, பக்கத்து வீட்டு றுக்கியாவைக் கட்டிப்பிடித்து, அந்தப் பிள்ளையின் சட்டையெல்லாம் கரி. றுக்கியா கோபிக்கவில்லை, மறுநாள் ஒரு தட்டு நிறைய வட்டிலப்பம் அனுப்பியிருந்தாள். கோயிலில் பாதர் பூசை முடிவில் உன் பெயரைச் சொன்னார், எல்லாரும் கை தட்டினார்கள்.

இனி முக்கியமான கதைக்கு வருகிறேன். இந்த சீசனோடு கையுறையைக் கழற்றிவிட்டு ஊருக்கு வரப்போகிறேன், அப்பாவிடம் துறைமுகத்தில் வேலை இருக்கா என்று கேள் என்று நீ தினுஷாவிடம் சொன்னதை அவள் எனக்குச் சொல்லியிருந்தாள். நானும் கேட்டு வைத்தேன், ஓம் என்றும் சொல்லியிருந்தார்கள். இப்போது கழகம் உன்னை முதல் கீப்பராக இன்னும் இரண்டு வருசத்துக்குக் கேட்கிறது, அப்பா என்ன சொல்கிறார் என்று நீ அம்மாவிடம் கேட்டாயாம். அப்பா சொல்வது இதுதான், நேற்றுக் காலை வேலைக்குப் போன கையோடு அந்த வேலை என் மகனுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கையெழுத்து வை மகன். வைக்கும் முன் நன்றாக வாசித்துப் பார். இன்னொன்று, தோள் விலகின அந்தப் பெரிய கீப்பரைப் போய்ப் பார்த்தாயா? போகாவிட்டால் இன்றைக்கே போ, வெறுங்கையோடு போகாதே. அவன் விழுந்த இடத்தில்தான் நீ எழும்பினாய், அதை அவனுக்கு முன்னால் பெரிதாகக் கதைக்கவும் வேண்டாம், மறக்கவும் வேண்டாம்.

உன்னுடைய அடுத்த சீசனின் முதல் மட்சுக்கு நானும் அம்மாவும் மாலேக்கு வருகிறோம். எந்தெந்த நாட்டுக் கப்பலையோ உள்ளே கொண்டுவந்த நான் இந்த நாட்டை விட்டு ஒருநாளும் வெளியே போனதில்லை. நேற்றுப் பின்நேரம் பாஸ்போட் படம் எடுக்கப் போனோம். என் படம் ஒரே தரத்தில் சரி. அம்மாவுடையதுதான் பாடு. பாஸ்போட்டுக்குச் சிரிக்கக்கூடாது என்று ஸ்ரூடியோக்காரர் சொல்லச் சொல்ல அவள் சிரிக்கிறாள், எத்தனை தரம் எடுத்தும் பல் தெரிகிறது. கடைசியில் அந்த மனிசன் களைத்துப்போய், "அக்கா, ஏதாவது ஒரு கவலையை நினையுங்கோ, முகம் சரியா வரும்" என்றார். அம்மா கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் உண்மையாகவே யோசித்தாள். பிறகு கண்ணைத் திறந்து, "இப்ப எனக்கு அப்பிடி ஒண்டும் இல்லையே தம்பி" என்றாள்.

தேவமாதா உன்னையும் உன் இரண்டு கையையும் காப்பாற்றட்டும். ஞாயிறு பூசையை விடாதே. கருவாட்டை வெயிலில் ஒருக்கால் காட்டிவிட்டு எடுத்து வை, தவராசா அண்ணனுக்கு ஒரு நேரச் சாப்பாடு கொடு.

உன் பெயரைக் கேட்டாலே இப்போது நிமிர்ந்து நடக்கிற
அப்பா
அ. லெஸ்லி