மண் மழைக்கு ஒரு ஷால்

இன்று காலை அலமாரியைத் திறந்ததும் உன் வாசம் வந்தது. துணிகளுக்கு நீ காட்டுவாயே, அந்த பஹூர் என்னும் அரபுச் சாம்பிராணிப் புகையின் வாசம். எத்தனை முறை துவைத்தாலும் உன் மண் நிற ஷாலை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அதுவும் உன்னைப் போலவே பிடிவாதம். வெளியே ஃபஹாஹீல் வானம் பளிச்சென்று இருந்தது. நாள் முழுக்க வெயில் என்று போனும் சொன்னது. ஆனாலும் நான் ஜன்னலருகே போய்க் கீழே எட்டிப் பார்த்தேன். யாரைத் தேடினேன் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை.

குவைத்துக்கு, இந்த ஃபஹாஹீலுக்கு வந்த முதல் வருடம், மார்ச் மாதத்தில் என்ன உடுத்துவது என்றே எனக்குப் பிடிபடவில்லை. காலையில் குளிர், பத்து மணிக்கு வெயில், திடீரென்று தூசி, அது அடங்குவதற்குள் மழை. நான் தஞ்சாவூர்க்காரி, மழை என்றால் தண்ணீர் என்று நம்பி வளர்ந்தவள். எதிர் வீட்டு நாகூர்க்காரி நீதான் என்னைத் திருத்தினாய். "ஏ புள்ள, இங்க மழ பேஞ்சா தண்ணி மட்டுமா வரும்? மண்ணும் சேந்துல்ல வரும்!" நீ மட்டும் எல்லாவற்றுக்கும் தயாராக இருப்பாய். கறுப்பு அபாயாவின் விளிம்பை ஊக்குக் குத்தி இரண்டு விரற்கடை உயர்த்தியிருப்பாய். உள்ளே கிளிப்பச்சையில் ஒரு சுடிதார், அதற்குத் தோதாக வளையல். மூடிக்கொண்டு போகிறவளுக்கு எதற்கு இத்தனை ஜோடனை, யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியும்ல" என்றாய்.

வானிலை பார்க்கவும் உன்னிடம் தனி சாஸ்திரம் இருந்தது. அதற்கு ஆதாரம் நம் கட்டடத்தின் சொந்தக்காரர், தரைத்தளத்தில் இருக்கும் குவைத்திப் பெரியவர். குளிர்காலம் முழுக்க இங்குள்ள ஆண்கள் சாம்பல், பழுப்பு என்று கெட்டித் துணியில்தான் நீள அங்கி போடுவார்கள். வெயில் நிலைத்த பிறகே வெள்ளைக்கு மாறுவார்கள். "அவரு வெள்ளைக்கு மாறாம நீ வெள்ளத் துணிய வெளிய எடுக்காத. போன் சொல்றத நம்பாத" என்பாய்.

நான் போனைத்தான் நம்பினேன். அதுவும் எந்த நாளில்! என் கணவரின் கம்பெனி மூடி இரண்டு மாதம் ஆகியிருந்தது. குவைத் சிட்டியில் ஓர் அலுவலகத்தில் எனக்கு நேர்காணல். அந்த வேலையும் கிடைக்காவிட்டால், நான்காம் வகுப்பில் இருந்த மகளின் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு மூவரும் ஊருக்கு மூட்டை கட்டவேண்டியதுதான். பயத்தில் என் புத்தி நேராக ராசிக்குப் போயிற்று. திருச்சியில் முதல் வேலை வாங்கித் தந்த பட்டுக் கரை போட்ட சந்தன வெள்ளைப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டேன்.

கதவைத் திறந்த உன் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

"யா அல்லாஹ்! கீழ பாத்தியா? மனுசன் இன்னும் பழுப்புலதான் நிக்கிறாரு. அவுத்துட்டு வேற கட்டு."

"மாட்டேன். இது ராசியான புடவை."

"ராசிக்கு மழ தெரியுமாடி?"

நேரமாகிவிட்டது. நானும் விடுவதாக இல்லை. நீ முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய், ஒரு கவரைப் பிரித்து இந்த ஷாலைக் கொண்டுவந்து என் மேல் போர்த்தினாய். "மண்ணு நெறத்துல மண்ணு உழுந்தா யாருக்குத் தெரியும்? போ. வேல வாங்காம வராத. நீ ஊருக்குப் போயிட்டா நா யார்ட்ட வம்பளக்குறது?"

சிட்டிக்குள் நுழையும்போதே வானம் செம்பழுப்பாகிவிட்டது. சாலையில் தண்ணீர் தேங்கியதால் டாக்ஸிக்காரர் "மாஃபி, மாஃபி" என்று கையை விரித்து முன்னாடியே இறக்கிவிட்டார். தூசியும் மழையும் சேர்ந்து சேறாகவே கொட்டியது. ஷாலைத் தலையிலிருந்து முழங்கால் வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகி, ஓட்டமும் நடையுமாகப் போனேன். வரவேற்பறையில் காத்திருந்த இருவர் சட்டையிலும் புள்ளி புள்ளியாகச் சேறு. நான் ஷாலை மெல்லக் களைந்தேன். புடவையில் ஒரு பொட்டு இல்லை. என்னைக் கேள்வி கேட்ட லெபனான் அம்மாள், "உங்கள் பக்கம் மழையே இல்லையா?" என்றார். காலடியில் சுருட்டி வைத்திருந்த ஈர ஷாலைக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். அதோடு என் நடுக்கமும் போயிற்று. மற்ற கேள்விகளுக்கு ஒழுங்காகப் பதில் சொன்னேன்.

வேலை என் அனுபவத்துக்குக் கிடைத்தது என்று நான் சொல்ல, "என் ஷாலுக்குக் கெடச்சது" என்று நீ சொல்ல, அந்த வழக்கு கடைசி வரை தீரவே இல்லை.

அந்த ஷாலின் கதையை உன் வீட்டுக்காரர் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். அடுத்த வாரம் நாகூரில் உன் தங்கை கல்யாணத்தில் போடுவதற்கென்று ஆசை ஆசையாக வாங்கி, பிரிக்காமல் வைத்திருந்த புது ஷாலாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று தண்ணீரில் அலசினேன். இடது ஓரத்தில், கரைக்குப் பக்கத்தில் ஒரு கறை மட்டும் போகவில்லை. நீ புகை காட்டி மடித்தபடியே, "கல்யாணத்துக்கு வர்றவளுவ கண்ணாடி வச்சாப் பாக்கப் போறாளுவ?" என்றாய். அதையேதான் போட்டுக்கொண்டும் போனாய். திரும்பி வந்ததும் என் கையில் திணித்தாய். "இனிமே இதுதான் ஒன் ராசி. அந்தச் சேலய மூட்ட கட்டு."

போன வருடம் விடுமுறைக்கு ஊருக்குப் போன நீ, காய்ச்சலில் படுத்து, எழுந்திருக்கவில்லை. உன்னிடம் எனக்குக் கோபம்தான். வம்பளக்க ஆள் வேண்டும் என்று என்னை இங்கே நிறுத்திவிட்டு நீ போய்விட்டாய்.

இன்று காலை பெரியவர் சாம்பல் நிறத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் ஷாலை எடுத்துக்கொண்டேன். வெயிலில் ஷாலா என்று அலுவலகத்தில் கேலி செய்தார்கள். மத்தியானம் மண் மழை கொட்டியபோது, சிரித்தவர்கள் எல்லாரும் வாசலில் வரிசையாக நின்றார்கள். நான் போர்த்திக்கொண்டு ராணி மாதிரி நடந்து போனேன். நீ பார்த்திருக்கவேண்டும்.

வீட்டுக்கு வந்து அலசிக் காயப்போட்டுவிட்டேன். இடது ஓரத்தில் உன் தங்கை கல்யாணத்துக்குப் போய்வந்த அந்தக் கறை அப்படியே இருக்கிறது. மண் நிறத்தில் மண், யாருக்கும் தெரியாது.

எனக்குத் தெரியும்ல.