நாலாவது கட்டம்

5.11.2009, சிதம்பரம்

விடாத மழை. லால்கான் தெரு முனையில் கணுக்கால் அளவு தண்ணீர். அதில் நடந்து பிரவுசிங் சென்டருக்குப் போய், உசாமா அனுப்பிய மெயிலை பிரிண்ட் எடுத்து, சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்தேன்.

உசாமா என் மனைவி ரசியாவின் தம்பி. சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் ஆள் எடுக்கிற பிரிவில் இருக்கிறான். மே மாதம் ஷார்ஜா கம்பெனி படுத்து எங்களையெல்லாம் விமானம் ஏற்றிவிட்டதிலிருந்து எனக்காக அலைகிறான். "மச்சான், டைம்கீப்பர், கேம்ப் பாஸ்னு எழுதினா இங்க யாருக்கும் புரியாது. கட்டட வேலைய மறந்துடுங்க. மனுசங்கள வச்சு வேலை வாங்கினீங்கல்ல, அதைச் சொல்லுங்க. ஆஸ்பத்திரி, காலேஜ், எங்க வேணாலும் போவலாம்."

இப்போதெல்லாம் 'உனக்கு என்ன தெரியும்' என்று கேட்பதில்லையாம். 'இப்படி ஒரு நிலைமை வந்தபோது நீ என்ன செய்தாய்' என்றுதான் கேட்கிறார்களாம். பதிலை நாலு கட்டமாகச் சொல்ல வேண்டும். நிலைமை, நம் பொறுப்பு, செய்த காரியம், விளைவு. நாலாவது நல்லதாக முடிய வேண்டும். இல்லாவிட்டால் முதல் மூன்றும் வீண் என்று எழுதியிருக்கிறான்.

அடுத்த வருடம் நாற்பது. இந்த வயதில் கதை சொல்லப் பழக வேண்டும்.

8.11.2009

தனியாகச் சுவரைப் பார்த்துப் பேசினால் வாய் குழறுகிறது. ரசியாவைக் கேள்வி கேட்கச் சொன்னேன். இங்கிலீஷ் கேள்விகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். "டெல் மீ அபவுட் எ டைம்" என்று ஓதுகிற மாதிரி இழுத்து வாசித்தாள். சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து எவ்வளவு நாளாயிற்று.

ஷார்ஜாவில் தொழிலாளர்கள் தங்கும் கேம்பில் தண்ணீர் லாரி வராமல் ஆட்கள் கொதித்துப்போய் நின்றதையும், நான் பக்கத்து கேம்பில் கெஞ்சி வாங்கி வந்து ஆளுக்கு ஒரு வாளி பங்கு வைத்ததையும் சொன்னேன். தமிழிலும் சொன்னேன், அவளுக்குப் புரியட்டும் என்று.

"இதெல்லாம் நீங்க சொன்னதே இல்லியே."

"போன்ல எப்படிச் சொல்றது. கார்டு தீந்துடும்."

"வேற என்னதான் சொன்னீங்க போன்ல."

யோசித்துப் பார்த்தேன். சாப்பிட்டியா, உடம்பு எப்படி, பணம் வந்துச்சா. பதினோரு வருடமும் அதுதான்.

14.11.2009

தினமும் அஸர் தொழுதபின் உட்காருகிறோம். அவள் கட்டிலில், நான் பிளாஸ்டிக் நாற்காலியில். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "மடியில வைங்க, பொண்ணு பாக்க வந்த மாதிரி" என்கிறாள்.

26.11.2009

இன்று மகள் ஷமீனா போன நாள். நாளை மறுநாள் பெருநாள்.

ரசியா யாசீன் ஓதினாள். நான் பள்ளிவாசலில் வேண்டுமென்றே நேரம் கடத்திவிட்டு வந்தேன். கேள்வி பதில் இல்லை.

நாலு வருடம் முன்பு எனக்கு கேம்பில் போன் வந்தது. பாஸ்போர்ட் கம்பெனியிடம். கேட்டேன், அழுதேன், காலில் விழாத குறை. நான் ஊர் வந்து சேர்ந்தபோது நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவே முடிந்திருந்தது. என் மகளை எந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்று உசாமா கைகாட்டிச் சொன்னான். அந்த நாள் எப்படிப் போயிற்று என்று ரசியாவை நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

17.12.2009

புதுச்சேரியில் ஒரு கூரியர் கம்பெனி. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகளெல்லாம் எம்.பி.ஏ. அஞ்சு நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். "உங்க வயசுக்கு இது ஒத்துவராது சார்." சார் என்று சொன்னதுதான் உறைத்தது.

3.1.2010

எழுத வேண்டுமா என்று தெரியவில்லை. எழுதாவிட்டால் தூக்கம் வராது.

இன்றைய கேள்வி: யாரிடமும் கலந்துபேச முடியாமல் நீங்கள் தனியாக எடுத்த கஷ்டமான முடிவு எது. நான் எதையோ சொன்னேன். ரசியா உதட்டைப் பிதுக்கினாள். "இதுல முடிவு எங்க இருக்கு?"

"அப்போ நீ சொல்லு பாக்கலாம்," என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன்.

தாளை மடியில் வைத்துவிட்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அப்போது பரங்கிப்பேட்டையில் அவள் உம்மா வீட்டில் இருந்தாள். காய்ச்சல் ஏறி ஷமீனாவுக்கு இழுப்பு வந்துவிட்டது. வெள்ளாற்றில் வெள்ளம், சிதம்பரம் ரோடு அடைத்துவிட்டார்கள். வடக்கே கடலூருக்குத்தான் போக முடியும். பஸ் இல்லை, கார்க்காரர்கள் வரமாட்டேன் என்றார்கள். மீன் ஏற்றுகிற வேன் ஒன்றை நிறுத்திக் கெஞ்சியிருக்கிறாள். டிரைவர் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டான். பின்னாலிருந்து ஐஸ் கட்டியை எடுத்துக் கொடுத்து நெத்தியில வைம்மான்னானாம். துப்பட்டாவில் சுற்றி வைத்துக்கொண்டே போயிருக்கிறாள்.

"ஆலப்பாக்கம் தாண்டினதும் போயிட்டா," என்றாள்.

ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமலே மேலே சொன்னாள்.

"எனக்குத் தெரிஞ்சிடிச்சு. ஆனா டிரைவர்கிட்ட சொல்லல. சொன்னா வண்டிய நிறுத்திடுவான், திருப்பிடுவான். ஐஸ மாத்தி மாத்தி வச்சுகிட்டே இருந்தேன். அவன் ஹாரன் அடிச்சுகிட்டே போறான். இப்ப எப்படிம்மா இருக்குன்னு கேக்குறான். இருக்கான்னு சொன்னேன். கடலூர் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் சொல்லல. அதுதான் நான் தனியா எடுத்த முடிவு."

பிறகு தாளை எடுத்து, "அடுத்த கேள்வி படிக்கவா?" என்றாள்.

நான் எழுந்து போய் முகம் கழுவினேன். என்னால வேற என்ன செய்ய முடியும்? நான் எங்க இருந்தேன் அன்னிக்கு? ஆளுங்க எத்தனை பேர் வந்தாங்க, எத்தனை பேர் வரலன்னு எழுதிகிட்டு இருந்தேன்.

4.1.2010

கேள்வி கேட்கவில்லை. நானும் கேட்கச் சொல்லவில்லை.

9.2.2010

கடலூர் மஞ்சக்குப்பத்தில் புதிதாகத் தொடங்கியிருக்கும் தனியார் ஆஸ்பத்திரியில் இண்டர்வியூ. நோயாளிகளின் சொந்தக்காரர்களிடம் பேசி, டாக்டர் சொல்வதைப் புரியவைத்து, அவர்களை அமைதிப்படுத்துகிற வேலை. உசாமாதான் விண்ணப்பம் போட்டான்.

பஸ் ஆலப்பாக்கத்தில் நின்றபோது குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டேன்.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஞானாம்பாள் மேடம், ஆள் எடுக்கிற பிரிவுக்குத் தலைமை. ஐம்பது வயது இருக்கும், நிதானமான குரல். தண்ணீர் லாரி கதை நன்றாகவே போயிற்று. பிறகு அவர் தமிழில் கேட்டார். "நோயாளியோட சொந்தக்காரங்க எப்படித் துடிப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? நீங்களே அப்படி ஒரு நிலைமையில இருந்திருக்கீங்களா?"

வேறொரு பதில் தயாராக இருந்தது. கேம்பில் சாரத்திலிருந்து விழுந்த பையனைப் பற்றி. வாயைத் திறந்தால், "என் மகளுக்கு இழுப்பு வந்துச்சு மேடம்" என்று வந்துவிட்டது.

வெள்ளம், மீன் வேன், ஐஸ் எல்லாம் சொன்னேன். ஆனால் ரசியா இருந்த இடத்தில் நான் இருந்தேன். என் மடியில் பிள்ளை. என் கையில் ஐஸ். சொல்லச் சொல்ல எனக்கே கை குளிர்ந்தது. ஆலப்பாக்கம் வந்தது. மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்தது நாலாவது கட்டம்.

"நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேத்துட்டேன். இப்போ மூணாவது படிக்கிறா," என்றேன்.

ஞானாம்பாள் மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

10.2.2010

நல்லாப் பண்ணீங்களா என்று ரசியா கேட்டாள். தெரியல என்றேன்.

15.2.2010

வேலை கிடைத்துவிட்டது.

மேடமே போன் செய்தார். "ஒண்ணாந்தேதி சேந்துக்குங்க. உங்க பொண்ணையும் ஒரு நாள் கூட்டிட்டு வாங்க இஸ்மாயில், எனக்குப் பாக்கணும் போல இருக்கு."

ரசியா பக்கத்தில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கிடைக்கலியா?" என்றாள். கிடைச்சிருக்கு என்றேன். "அப்புறம் ஏன் இப்படி இருக்கீங்க?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். அரிவாள்மனையை மடக்கி ஓரமாக வைத்தாள்.

"பொழைச்சிட்டான்னு சொன்னீங்களா?"

"ம்."

"என்ன படிக்கிறான்னு சொன்னீங்க?"

"மூணாவது."

"நாலாவது," என்றாள். "அப்போ யு.கே.ஜி. படிச்சுகிட்டு இருந்தா. இப்போ நாலாவது. உங்களுக்கு அதுகூடத் தெரியாது."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

18.2.2010

பேசவில்லை. சோறு மட்டும் வருகிறது.

19.2.2010

உசாமா வாழ்த்துச் சொல்ல போன் செய்தான். "எந்தக் கதைய மச்சான் சொன்னீங்க?" தண்ணி லாரி என்றேன். இன்னொரு பொய்.

22.2.2010

இன்று காலை டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றாள். எதிரே உட்காரச் சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்தாள், கேள்வி கேட்கிற இடத்தில்.

"உங்கமேல கோவம் இல்லன்னு சொல்லமாட்டேன்," என்றாள். "அந்த ஒரு நாளுதான் என்கிட்ட இருந்திச்சு. மத்தவங்க யாருக்கும் தெரியாது. அதைத் தூக்கிட்டுப் போயி அங்க வச்சுட்டீங்க."

தலை குனிந்திருந்தேன்.

"ஆனா ஒண்ணு. நான் ஆலப்பாக்கத்துலேர்ந்து கடலூர் வரைக்கும்தான் அவ இருக்கிற மாதிரி வச்சிருந்தேன். நீங்க பள்ளிக்கூடம் வரைக்கும் கொண்டுபோயிட்டீங்க. இந்த ஒரு வாரமா நானும் அதையே நெனச்சுகிட்டு கெடக்குறேன். யூனிபாரம், ரெட்டைச் சடை. எவ்ளோ ஒசரம் இருப்பா, என் தோளுக்கு வருவாளா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை.

"இப்படியே விட்டா பைத்தியம் புடிச்சிரும். தினமும் அந்தம்மா பொண்ணு எப்படி இருக்கான்னு கேக்கும். நீங்க சொல்லுவீங்க. அஞ்சாவது, ஆறாவதுன்னு. முடியாதுங்க. போயி சொல்லிட்டு வந்துருங்க. நானும்தான் அன்னிக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லாம ஓட்டினேன். ஆஸ்பத்திரி வாசல்ல சொல்லித்தானே ஆவணும்."

23.2.2010

போனேன். சொன்னேன்.

ஞானாம்பாள் மேடம் கதவைச் சாத்திவிட்டு முழுவதும் கேட்டார்.

"செத்துட்டான்னே நீங்க சொல்லியிருந்தாலும் வேலை குடுத்திருப்பேனே இஸ்மாயில்."

"விளைவு நல்லா இருக்கணும்னு சொல்லிக் குடுத்தாங்க மேடம்."

"யாரு சொல்லிக் குடுத்தது." கோபமில்லை அந்தக் குரலில். "இங்க வர்றவங்க எல்லாரும் பொழைச்சிடுவான்னு ஒரு வார்த்தை சொல்லமாட்டாங்களான்னு மூஞ்சியத்தான் பாப்பாங்க. அப்ப நீங்க இல்லாததைச் சொல்லிடக் கூடாது. உங்களால முடியாதுன்னு இப்ப தோணுது எனக்கு. தப்பா எடுத்துக்காதீங்க."

எடுத்துக்கொள்ளவில்லை. சரியாகத்தான் சொன்னார். வாசல்வரை கூட வந்தார். மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஏதோ பொருட்காட்சிக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓரமாக நின்று பார்த்துவிட்டு பஸ் ஏறினேன். ஆலப்பாக்கத்தில் இறங்கினேன். ஏன் இறங்கினேன் என்று தெரியவில்லை. ஊரைத் தாண்டி ரோட்டோரமாக வடக்கே கொஞ்ச தூரம் நடந்தேன். எந்த இடம் என்று யாருக்குத் தெரியும். ஒரு புளியமரத்தடியில் நின்று துஆ கேட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் வந்தேன்.

ரசியாவிடம் அதையும் சொன்னேன். "புளியமரம் இருக்கா அங்க? நான் ரோட்டையே பாக்கல," என்றாள்.

11.4.2010

வேலை இல்லை. உசாமாவிடம் நடந்ததைச் சொன்னேன். "என் தப்பு மச்சான்" என்றான். இல்லடா என்றேன்.

20.5.2010

சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் ஒரு பாலிடெக்னிக். பையன்கள் விடுதிக்குக் காப்பாளர் வேண்டும் என்றார்கள். தாளாளர் வைத்திலிங்கம் வயதானவர், வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலு கட்டமெல்லாம் இல்லை. நூறு பேருக்குச் சமையல் நடத்த முடியுமா, பையன்கள் அடித்துக்கொண்டால் என்ன செய்வீர்கள், இவ்வளவுதான்.

கடைசியாக, "பிள்ளைங்க?" என்றார்.

"ஒரு மக இருந்தா சார். நாலரை வயசுல தவறிட்டா. நான் அப்போ வெளிநாட்டுல இருந்தேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எப்ப வந்து சேருறீங்க?" என்றார்.

சம்பளம் ஷார்ஜாவில் வாங்கியதில் பாதிகூட இல்லை. வாரத்தில் ஆறு நாள் அங்கேயே தங்க வேண்டும். மறுபடியும் ரசியா இங்கே தனியாக. வீட்டுக்கு வந்து அதைத்தான் முதலில் சொன்னேன்.

"சேத்தியாத்தோப்புதானே," என்றாள். "பஸ்ஸு போவுதுல்ல."

சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"என்ன கேட்டாங்க?"

"புள்ளைங்க எத்தனைன்னு."

"என்ன சொன்னீங்க?"

சொன்னேன். ரசத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவளும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு வந்து, என்னோடு சாப்பிட்டாள்.