முதல் கோட்டோடு திரும்பும் ஆட்டம்

என் அன்புத் தம்பி சூசைக்கு,

நீ இருந்திருந்தால் நலம் விசாரிக்கும் முன்பே ஸ்கோரைக் கேட்டிருப்பாய். போன வெள்ளிக்கிழமையும் தோற்றோம். கல்பா கேம்ப்காரர்களிடம், பதினெட்டுப் புள்ளி வித்தியாசத்தில். நீ போன பிறகு ஏழு ஆட்டம் ஆடியிருக்கிறோம். ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை.

பிடியில் குறையில்லை. அதை முதலில் சொல்லாவிட்டால் நம் ஆட்களுக்கு அநியாயம் செய்தவனாவேன். எவன் பாடி வந்தாலும் வேலு கணுக்காலைப் பிடித்துக் கவிழ்த்துவிடுகிறான். குறை நாம் பாடிப் போவதில்தான் இருக்கிறது. நம் ஆட்கள் 'கபடி கபடி' என்று போகிறார்கள். விதிக்காக முதல் கோட்டுக்கு அப்பால் ஒரு கால் வைக்கிறார்கள். உடனே திரும்பிவிடுகிறார்கள். யாரையும் தொடுவதில்லை, யாரிடமும் பிடிபடுவதுமில்லை. என் நோட்டில் அந்தப் பக்கம் முழுக்க வெறும் கோடுகள்.

காரணம் என்னவென்று கேம்ப் முழுக்கப் பேசுகிறார்கள். மெஸ்ஸில் எண்ணெய் மாற்றிவிட்டான், வயிறு சரியில்லை என்கிறான் ஒருவன். சைட்டில் ஓவர்டைம் அதிகம் என்கிறான் இன்னொருவன். மைதானத்தில் புது மணல் கொட்டியதால் கால் புதைகிறதாம். நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். உனக்குத்தான் தெரியுமே, எதையும் எழுதிக்கொள்வது என் வழக்கம். எழுதிக்கொண்டபோதே இவை எதுவும் காரணமில்லை என்றும் எனக்குத் தெரியும்.

நீ என்னை மைதானத்தோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்த நாள் நினைவிருக்கிறதா? "கம்பெனிக்கு டைம் கீப்பர்னா எங்களுக்கும் கீப்பர்தான் அண்ணாச்சி. நீங்க ஓட வேண்டாம், விழ வேண்டாம். கண்ணால பாக்கதை எழுதுங்க, போதும்" என்றாய். வாழ்நாளில் ஒருவனைத் தோளில் தட்டிப் பேசியறியாதவன் நான். எம்.ஏ. வரலாறு படித்துவிட்டு, இந்த அரபு நாட்டில், புஜைராவில், எண்ணெய்த் தொட்டிகளுக்கு நடுவே மற்றவர்கள் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் எழுதியே இருபத்திரண்டு வருடம் கழித்தவன். என் நோட்டை நீ வேதப் புத்தகம் மாதிரித் தூக்கிக்கொண்டு திரிந்தாய். பாதி ஆட்டத்தில் தண்ணீர் குடிக்க வந்தவர்களிடம் கத்துவாய்: "லேய், அண்ணாச்சி எழுதிருக்காவ. அந்த ஒல்லிப்பய இடது கால முன்னால வச்சித்தான் நிக்கான். கண்ண மூடிட்டுப் போய்த் தட்டிட்டு வா!"

அவர்களும் கண்ணை மூடிக்கொண்டுதான் போனார்கள். என் எழுத்தை நம்பிப் போனார்கள்.

போன வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். அசர் தொழுகை முடிந்து வெயில் மலைக்குப் பின்னால் சாயத் தொடங்கிய நேரம். நம் பக்கம் நான்கு பேர் வெளியே உட்கார்ந்திருந்தார்கள். மாரியப்பன் பாடிப் போக வேண்டிய முறை. ஒருவனைத் தொட்டால்கூட நம்மவன் ஒருவன் உள்ளே வரலாம். நடுக்கோட்டில் நின்றவன் திரும்பி என்னைப் பார்த்தான். "அண்ணாச்சி, பாத்துச் சொல்லுங்க. இடது பக்கம் போலாமா?"

இடது பக்கம் நிற்பவன் இரண்டு முறை இடறியிருந்தான். என் நோட்டில் இருந்தது. தலையைக் குனிந்து பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

மாரியப்பன் போனான், கோட்டில் கால் வைத்தான், திரும்பினான். கல்பா கேம்ப்பின் பட்டுக்கோட்டைக்காரன் ஒருவன் கைதட்டிச் சிரித்தான்: "ஏய், விடுங்கடா அவன! விசா மாத்த பார்டரத் தொட்டுட்டுத் திரும்புறான்!" விசா புதுப்பிக்க எல்லையைத் தாண்டிவிட்டு உடனே திரும்புகிறவர்களை எல்லோருக்கும் தெரியும். மைதானமே சிரித்தது. நம் ஆட்களிலும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

வேலு சிரிக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் எல்லோர் முன்னாலும் மாரியப்பனிடம் போனான். உனக்குப் பிறகு வேலுதான் கேப்டன் என்று சொன்னேனா? "போக வேண்டிய எடத்துல நிக்கிற. நிக்க வேண்டிய எடத்துல போயிருவ. உனக்காக ஒரு மனுசன் செத்திருக்கான்டா, உன்னால ஒரு பாயிண்ட் எடுக்க முடியல" என்றான்.

மாரியப்பன் சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டான். இனி அணியில் இல்லை, முடிந்தால் விசா கேன்சல் வாங்கிக்கொண்டு ஊருக்கே போகிறேன் என்று மறுநாள் அறையில் சொன்னானாம்.

வேலுவை நான் குறை சொல்ல மாட்டேன். கேம்ப் முழுக்க அப்படித்தான் நம்புகிறது. மெஸ் வாசலில் கம்பெனி ஒட்டிய அறிவிப்பும் அதைத்தானே சொல்கிறது? பரிசோதனைத் தாள் வரும் முன்பே ஒரு ஊழியர் அவசரப்பட்டுத் தொட்டிக்குள் நுழைந்தார், மற்றொருவர் விதியை மீறி அவரைக் காப்பாற்றப் போய் உயிரிழந்தார். ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் இருக்கிறது. நம் ஆட்களுக்காக அதைத் தமிழில் எழுதிக் கொடுத்தவன் நான். அழகான கையெழுத்து என்று எல்லோரும் சொல்வார்களே, அதே கையெழுத்தில்.

உன் வீட்டுக்காரியிடமும் இதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். போனில் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "விதியை மீறுற ஆளா அண்ணாச்சி அவுக?" நான் கார்டில் காசு தீர்ந்துவிட்டது என்று போனை வைத்துவிட்டேன். தீரவில்லை, சூசை.

நடந்தது உனக்குத் தெரியாது. தெரியாமல்தான் போனாய். அதனால் வரிசையாகச் சொல்கிறேன்.

தொட்டியைக் கழுவ ஆள் இறங்கும் முன், காற்றைச் சோதிக்கிறவர் கருவியோடு வந்து விஷவாயு அளவு பார்க்க வேண்டும். பார்த்த அளவைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தொட்டியின் வாயில் மாட்ட வேண்டும். அந்தத் தாள் தொங்கினால் உள்ளே போகலாம். இதுதான் விதி. நாங்கள் நடந்துகொண்ட விதம் வேறு. அவருக்கு நான்கு தொட்டி யார்டுகள் பொறுப்பு. வாரத் தொடக்கத்திலேயே ஒரு கட்டு வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டு என்னிடம் தந்துவிடுவார். முதல் நாள் மாலை நான் உட்கார்ந்து தேதி, நேரம், அளவு எல்லாம் நிரப்பி வைத்துவிடுவேன். அளவு எங்கிருந்து வரும்? முந்தைய நாள் தாளிலிருந்து. காலையில் அவர் வந்து பார்ப்பார், மாறியிருந்தால் திருத்துவார். மாறியதே இல்லை. காலையில் ஆட்கள் வெயிலில் நிற்க வேண்டியதில்லை, சூப்பர்வைசரும் "யல்லா, ஜல்தி" என்று கத்த வேண்டியதில்லை. என் ஒழுங்கை எல்லோரும் மெச்சினார்கள். எனக்கும் உள்ளுக்குள் பெருமை இருந்தது.

அன்று காலை அவர் வரவில்லை. வேறு யார்டில் மாட்டிக்கொண்டார். சூப்பர்வைசர் கத்தினார். தாள் தயாராக இருந்தது. நான்தான் அதைக் கொண்டுபோய் மாட்டினேன். ஒரு நிமிடம் தயங்கினேன் என்று சொல்ல ஆசை. ஆனால் தயங்கினேனா என்பது எனக்கே நிச்சயமில்லை.

மாரியப்பன் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினான். அவன் அவசரப்படவே இல்லை. தாளில் விரல் வைத்து, என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனான். போனவன் பத்தடிக்குள் சரிந்தான். நீ பனியனைக் கழற்றி மூக்கில் கட்டினாய். சங்கு குளித்த குடும்பம், ஒரு மூச்சில் போய் ஒரு மூச்சில் வந்துவிடலாம் என்று நினைத்திருப்பாய். அவனை இழுத்துக்கொண்டு தொட்டியின் வாய் வரை வந்தும்விட்டாய். அவன் தோளை நாங்கள் பிடித்து வெளியே இழுத்தோம். அடுத்து உன் கைக்காகக் காத்திருந்தோம். வரவில்லை.

வேலு உள்ளே பாய்ந்தான். அவன் பெல்ட்டைப் பிடித்து இழுத்தவன் நான்தான். "மூச்சுக் கருவி வரட்டும், யாரும் போகக் கூடாது!" என்று அலறினேன். என் வாழ்நாளில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. அது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். விட்டிருந்தால் இரண்டு பேரைத் தூக்கியிருப்போம். விதியை அவ்வளவு கண்டிப்பாகக் காப்பாற்றியவன், அதைக் காலையிலேயே காப்பாற்றியிருக்கலாம் அல்லவா?

உன்னை வெளியே கொண்டுவந்தபோது எல்லோரும் உன்னைச் சுற்றி நின்றார்கள். சூப்பர்வைசர் மட்டும் தொட்டியின் வாயருகே போனார். தாளைக் கழற்றினார், நான்காக மடித்துப் பையில் வைத்தார். என்னைப் பார்த்தார். "பேப்பர் மாஃபி. சமஜ் கயா?" என்றார். தாள் இருக்கவே இல்லை, புரிந்ததா என்று அர்த்தம். நான் தலையாட்டினேன். மறுநாள் ஆபீஸில் டைப் செய்து வைத்திருந்த வாக்குமூலத்தில் தாள் மாட்டப்படவில்லை என்று இருந்தது. முழுவதும் படித்தேன். இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தினேன். கையெழுத்துப் போட்டேன்.

கேட் பக்கத்தில் விபத்தில்லாத நாட்கள் என்று ஒரு பலகை இருக்கிறதே, அதில் எண் மாற்றுவதும் என் வேலைதான். அன்று பூஜ்யம் மாட்டினேன். இன்று காலை ஐம்பத்தெட்டு. நீ போய் எத்தனை நாள் என்று கம்பெனியே எனக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

திங்கட்கிழமை மாலை டியூட்டி முடிந்ததும் மாரியப்பன் என் கேபினுக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அன்னைக்கு அந்தத் தாளு தொங்குச்சா இல்லியா? நான் பாத்தேன்னுதான் எனக்கு இருக்கு. பாக்கலன்னு எல்லாரும் சொல்லுதாவ. எனக்குக் கிறுக்குப் பிடிச்சிரும் போல இருக்கு. கோட்டுக்கிட்ட போனாலே, நாம பாக்கது நெசமா இல்லியான்னு கால் நின்னு போவுது."

இதுதான் காரணம், சூசை. மெஸ் எண்ணெய் இல்லை, மணல் இல்லை. தன் கண்ணையே நம்ப முடியாத ஒருவன் எப்படி உள்ளே போவான்? அவனை நம்பாத மற்றவர்கள், நாம் வெளியே உட்கார்ந்தால் இவன் நம்மை மீட்பான் என்று எப்படித் துணிவார்கள்? நம் அணியின் காலைக் கட்டிப்போட்டவன் நாற்காலியில் உட்கார்ந்து புள்ளி எழுதிக்கொண்டிருக்கிறான்.

அவனுக்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைக்கிறாய்? "ஞாபகம் இல்லப்பா" என்றேன். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு ஆளின் வருகையைக்கூட மறக்காதவன் சொன்ன பதில் இது. அவன் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனான். ஓங்கி அறைந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஆனால் சூப்பர்வைசருக்குத் தெரியாத ஒன்று உண்டு. நான் எதை எழுதினாலும் அடியில் கார்பன் வைத்துத்தான் எழுதுவேன். அந்தத் தாளின் நகல் என் பெட்டியில், சட்டைகளுக்கு அடியில் இருக்கிறது. தேதி, நேரம், யாரும் அளந்து பார்க்காத அளவு, எல்லாம் நீல எழுத்தில்.

இன்று காலை டியூட்டிக்குப் போகும் முன் அதை எடுத்துக்கொண்டு மாரியப்பன் அறைக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். கையில் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தான். அன்று போலவே விரல் வைத்துப் பார்த்தான்.

"அப்ப நான் பாத்தேன்" என்றான். மறுபடியும், "பாத்தேம்லா?" என்றான். என்னைக் கேட்கவில்லை, தன்னையே கேட்டுக்கொண்டான்.

நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். இதற்கென்று முன்பே யோசித்து வைத்திருந்த வாக்கியம். பாதியில் நிறுத்திவிட்டான். "என்கிட்ட எதுக்குச் சொல்லுதிய? நான் உயிரோடதான இருக்கேன். சூசை அண்ணன்ட்ட சொல்லுங்க. எல்லாரும் கேக்க மாதிரி சொல்லுங்க."

தாளைத் திருப்பிக் கொடுத்தான். ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனான். அண்ணாச்சி என்று கூப்பிடவில்லை.

அதனால்தான் இந்தக் கடிதம். நாளை வெள்ளிக்கிழமை, காலைச் சாப்பாட்டுக்கு எல்லோரும் மெஸ்ஸுக்கு வரும் முன், கம்பெனி அறிவிப்புக்குப் பக்கத்தில் இதை ஒட்டிவிடுவேன். இரண்டும் ஒரே கையெழுத்து என்று எல்லோருக்கும் தெரியட்டும். சனிக்கிழமை காலை கார்பன் நகலோடு லேபர் ஆபீஸுக்குப் போகிறேன். என் பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருக்கிறது. இன்னும் ஏழு மாதத்தில் ரிடையராகிறவன் எப்படி அனுப்பப்படுவான் என்று தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. பயமில்லை என்று எழுதினால் அதுவும் பார்க்காமல் நிரப்பிய அளவாகிவிடும். உன் வீட்டுக்காரிக்கு நாளை போன் செய்து, அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறேன்.

இதற்கெல்லாம் நீ என்னை மன்னிப்பாயா என்று கேட்கவில்லை. நீ மன்னித்துவிடுவாய். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நாளை மாலை ஆட்டம் இருக்கிறது. மாரியப்பன் வருவானா தெரியாது. என்னை அந்த நாற்காலியில் உட்கார விடுவார்களா என்பதும் தெரியாது. விட்டால், அவன் நடுக்கோட்டில் நின்று திரும்பி, இடது பக்கம் போகலாமா என்று கேட்டால், பார்த்ததைச் சத்தமாகச் சொல்வேன். கேட்காமல் போனால், போகட்டும். அவன் கண் அவனுக்குப் போதும். நான் கண்ணால் பார்க்காத ஒன்றை இனி ஒரு தாளிலும் எழுத மாட்டேன், தம்பி. இது உனக்கு நான் தரும் வாக்கு.

இப்படிக்கு,
நீ நம்பிய கையெழுத்துக்குச் சொந்தக்காரன்,
உன் அண்ணாச்சி