உன் அப்பாவுக்கு மலையாளம் தெரியாது

அடி அண்ணாமலை,
16.9.1998

அன்பு மகள் தமிழ்செல்விக்கு,

அண்ணாமலையார் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தோம். என் கால் வீக்கம் வடிந்துவிட்டது. நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் நன்றாயிருக்க வேண்டும்.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. அப்பா கோபமாகவே திரும்பினாரா, தெரியாமல் படகில் ஏறி மாட்டிக்கொண்டாரே, என் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லையா என்று நாலு பக்கத்துக்கு அழுது வைத்திருக்கிறாய். நாலு மாதப் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள் இப்படியா அழுவது? அறிவு இருக்கிறதா உனக்கு? நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டு அழுகையை நிறுத்து.

நீ ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கொண்டபோது, அந்த மலையாளத்தான் வீட்டு வாசற்படியை மிதிக்கமாட்டேன் என்று மலையைப் பார்த்துச் சொன்னவர் உன் அப்பா. நாலு வருஷமாக உன் பேரைக்கூட எடுக்கவில்லை. பேத்தியைப் பார்க்க நான் தனியாகத்தான் கிளம்பினேன். கிளம்புகிற காலையில் பார்த்தால் சட்டையை மாட்டிக்கொண்டு நிற்கிறார். "நீ ரயில வுட்டுட்டு எங்கனா போய் நிப்ப. கரை வரிக்கும் வரேன், அந்தாண்ட வரமாட்டேன்" என்றார். அந்த மட்டும் சரி என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

எர்ணாகுளத்தில் இறங்கி ஜெட்டிக்கு வந்து வைப்பின் தீவுப் படகைக் கேட்கச் சொல்லி எழுதியிருந்தாய். படகுத்துறை என்று எழுதக்கூடாதா? முன்பின் தெரியாத ஊரில் ஜட்டி எங்கே இருக்கிறது என்று நான் கேட்பேனா என்று உன் அப்பா நடுரோட்டில் என்னோடு சண்டை. ஒரு மணி நேரம் சுற்றினோம். கடைசியில் நான்தான் ஒரு பூக்காரம்மாவிடம் கேட்டேன். அவள் சிரிக்காமல் கையைக் காட்டினாள்.

படகு கிளம்பத் தயாராக நின்றது. டிக்கெட் எனக்கு மட்டும்தான் எடுத்தார். உனக்கு அவித்துத் தின்னக் கட்டிக்கொண்டு வந்த மல்லாட்டை மூட்டை கனமாக இருந்ததால் அதை உள்ளே வைக்க ஏறினார். வைத்தார். மூட்டையின் வாய்க்கட்டை அவிழ்த்து மறுபடியும் கட்டினார். ஓரமாகத் தள்ளினார். பிறகு நடுவில் இழுத்தார். கயிற்றைப் பிடித்திருந்த படகு ஆள் இவரைப் பார்த்து, "சேட்டா, இறங்ஙிக்கோ" என்றான். இவர் மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் இரண்டாம் தரம் சத்தமாகச் சொன்னான், கரைப்பக்கம் கையும் காட்டினான். இவர் என்னிடம் திரும்பி, "இன்னா சொல்றான் இவன்? மலையாளம் யாருக்குப் புரியுது?" என்றார். அந்த ஆள் சலித்துப்போய்க் கயிற்றை அவிழ்த்துவிட்டான்.

அடி பெண்ணே, நான் அஞ்சாம் கிளாஸ் தாண்டாதவள். இறங்கச் சொன்னது எனக்கே புரிந்தது. ரமணாசிரமத்துப் பக்கம் தினமும் பால் ஊற்றி, வெள்ளைக்காரர்களிடம் இங்கிலீஷில் கணக்குப் பேசிவிட்டு வருகிற மனுஷனுக்குப் புரியவில்லையாம்!

நான் மூச்சு விடவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தண்ணீரில் குதித்துத் திரும்பியிருப்பார். டிக்கெட் போட வந்தவனிடம் பேசாமல் ஒன்று வாங்கிக்கொண்டார். கம்பியைப் பிடித்தபடி நின்றே வந்தார். உங்கள் கரை தெரிந்தபோது, "மஞ்சப் பொடவையில நிக்கறது நம்ம செல்வி தான? ரொம்ப எளச்சிட்டா" என்றார். என் கண்ணுக்கு அங்கே ஆட்கள் நிற்பதே சரியாகத் தெரியவில்லை.

மீதி உனக்குத் தெரியும். நீயும் மாப்பிள்ளையும் அவ்வளவு கூப்பிட்டும் துறைக்குப் பக்கத்து டீக்கடையைத் தாண்டி வரவில்லை. பாப்பாவை மட்டும் மடியில் வாங்கிக்கொண்டார், உன்னிடம் பேசவில்லை. பேசியிருந்தால் அழுதிருப்பார். மருமகன் எதிரில் அழுவாரா அவர்?

இங்கே வந்ததிலிருந்து வாய் ஓயவில்லை. போட்டுக்காரன் ஏமாற்றி அழைத்துப் போய்விட்டான் என்று எதிர்வீட்டு திரௌபதியிடம் தினமும் சொல்கிறார். சொல்லி முடித்த கையோடு, பேத்திக்குத் தன்னுடைய நெற்றி என்கிறார். நான் மறுத்துப் பேசுவதில்லை. நீயும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. எனக்கு இந்த நாலு வருஷத்தில் இப்போதுதான் ராத்திரி தூக்கம் வருகிறது.

கொல்லையில் களை எடுத்தாயிற்று, மழைதான் கம்மி. சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது. பாப்பாவுக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். அவள் தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. உன் வாசற்படியை மிதிக்கமாட்டேன் என்ற பேச்சை அவர் விடமாட்டார். ஆனால் நம் வாசற்படியை நீ மிதிக்கக்கூடாது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. பௌர்ணமிக் கூட்டம் கைக்குழந்தைக்கு ஆகாது, மற்றபடி எந்த நாளானாலும் மூன்று பேரும் வாருங்கள். அப்பா வாயால் கூப்பிடட்டும் என்று மட்டும் காத்திருக்காதே. நீ பயந்துகொண்டு எனக்கு மட்டும்தானே எழுதினாய், அவரை யார் கூப்பிட்டார்கள்? வந்தாரா இல்லையா?

இப்படிக்கு,
உன் வழியைப் பார்த்திருக்கும் அம்மா
உண்ணாமலை